கிரிம்லோ கிணற்றின் முதல் கோப்பை

குட்டையிலிருந்து பலகைகளை இழுத்துக் கரையில் போட்டபோது கெசையா பண்டிங் புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பலகையின் அடியெல்லாம் பச்சைச் சளி. அதில் நெளிகிற புழு வேறு. சீ! முப்பது வருஷமாகப் பார்க்கிற கண்றாவிதான், ஆனாலும் ஒவ்வொரு ஜூன் மாதமும் அவளுக்குப் புதிதாகக் குமட்டியது.

கிரிம்லோவில் கிணற்றுத் திருநாள் என்றாலே இந்தப் பலகைகள்தான். நன்றாக ஊறிய பலகையில் களிமண்ணை அப்பி, அதில் பூவிதழ்களை ஒவ்வொன்றாகப் பதித்துப் படம் செய்து, கிணற்றைச் சுற்றி நிறுத்துவார்கள். பாதிரியார் வந்து ஆசீர்வதிப்பார். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் கார் போட்டுக்கொண்டு வந்து வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஒரு வாரம் போனால் இதழெல்லாம் அழுகி நாறும். அள்ளிக்கொண்டு போய் எருக்குழியில் கொட்டிவிட்டு அடுத்த வருஷத்துக் கதையைப் பேச ஆரம்பிப்பார்கள்.

பலகை முழுகுகிற அளவுக்குத் தண்ணீர் இந்தக் குட்டையில்தான் உண்டு. ஒரு காலத்தில் ரோமம் கத்தரிப்பதற்கு முன்னால் ஆடுகளைத் தள்ளிக் குளிப்பாட்டிய குட்டை. புழுக்கையும் மூத்திரமும் உண்ணியும் ஊறிய தண்ணீர். இப்போது நாலு வாத்தை விட்டு, ஓரமாக ஒரு பெஞ்சைப் போட்டு, ‘வாத்துக் குளம்’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயரை மாற்றிவிட்டால் நாற்றம் போய்விடுமா?

போகாது என்று கெசையாவுக்குத் தெரியும். ஏனென்றால் அந்தத் தண்ணீரை அவள் குடித்திருக்கிறாள்.

மொத்தமே பதினாலு வீடு. ஒரு ஜெபக்கூடம், ஒரு கிணறு, சுற்றிலும் கல்சுவர் கட்டிய மேய்ச்சல் மேடுகள். இவ்வளவுதான் கிரிம்லோ. இந்த ஊருக்கு வாய் மட்டும் பெரிய பட்டணத்து வாய். கொள்ளைநோய் வருஷத்தில் ஊர் ஊராக ஓடிவந்தவர்களுக்கெல்லாம் நாங்கள் தண்ணீர் கொடுத்தோம் என்பார்கள். ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களுக்கு, பஞ்சத்தில் வந்தவர்களுக்கு, வழி தவறிய சிப்பாய்களுக்கு, எல்லாருக்கும் கொடுத்தோம் என்பார்கள். கிணற்று மேடையின் கல்லில் ‘இந்நீர் எவருக்கும் மறுக்கப்பட்டதில்லை’ என்று வெட்டியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லைத் தாண்டிப் போகும்போதெல்லாம் கெசையா காறித் துப்புவாள். அவளுக்குச் சளித் தொந்தரவு என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது.

இந்த வருஷம், எண்பத்து நாலில், கமிட்டி ஒரு முடிவெடுத்தது. வழக்கமான வேதாகமக் காட்சிகள் வேண்டாம், ஊரின் சரித்திரத்தையே ஐந்து பலகைகளில் செய்துவிடலாம் என்று. ஐந்தாவது பலகைதான் நடுநாயகம். அதில் முப்பத்து நாலாம் வருஷத்து வறட்சி. ஓடையெல்லாம் வற்றிப்போன அந்தக் கோடையில், கிணற்றுச் சாவிக்காரரான ஜோப் ஃபர்னிஸ் ஊர் ஜனங்களுக்குத் தன் கையாலேயே தண்ணீர் இறைத்து ஊற்றுகிற காட்சி. யோசனை சொன்னது கமிட்டித் தலைவன் மாரிஸ் ஃபர்னிஸ். ஜோப்பின் பேரன். தாத்தாவைத் தூக்கி நடுவில் வைக்கப் பேரனுக்கு ஆசை இருக்காதா?

படம் வரைய வேண்டியவள் கெசையா. அவள் கை போல ஒரு கை அந்த வட்டாரத்திலேயே கிடையாது. பள்ளிக்கூடச் சமையல்கட்டில் இத்தனை வருஷம் உருளைக்கிழங்கு உரித்த கைதான், ஆனால் அது பதித்தால் பூவிதழ் முகமாகிவிடும்.

மாரிஸின் களஞ்சியத்தில் வேலை ஆரம்பித்தது. ஆண்களும் பெண்களும் காலணிகளைக் கழற்றிவிட்டு, தொட்டிக்குள் இறங்கிக் களிமண்ணை மிதித்தார்கள். மண் விரல் இடுக்குகளில் புளுக் புளுக்கென்று பிதுங்கியது. பெரில் ஸ்வானின் கால் ஆணியும் மாரிஸின் மஞ்சள் பூத்த நகங்களும் அதே மண்ணில் ஏறி இறங்கின. அந்த மண்ணில்தான் நாளைக்குத் தேவதைகளின் முகம் மலரப்போகிறது. மூலையில் வாளி வாளியாக ஹைட்ரேஞ்சியா இதழ்கள், பாதி வதங்கி, கொழகொழவென்று நீர் விட்டுக்கொண்டிருந்தன. வாளிகளுக்கு நடுவே மாரிஸின் அம்மா டார்கஸ் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து இதழ் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

“உப்பு போட்டாச்சா?” என்று பெரில் கேட்டாள். டீக் கொட்டகை அவள் பொறுப்பு, ஆனால் அவள் மூக்கை நுழைக்காத இடம் கிடையாது. “போன வருஷம் உப்புக் கம்மியாகி மண்ணு வெடிச்சிருச்சு. ஏசுநாதர் தாடியே உதுந்து போச்சு!”

“போட்டாச்சு, போட்டாச்சு” என்றான் மாரிஸ். “கெஸ்ஸி, தாத்தா முகத்தைக் கொஞ்சம் கனிவா பண்ணுங்க. ஃபோட்டோல முறைச்சுக்கிட்டு இருக்காரு. அது அந்தக் காலத்து ஃபோட்டோ, அப்பிடித்தான் எடுப்பாங்க. ஆளு தங்கமான மனுஷன்.”

கெசையா மண்ணிலிருந்து காலை உருவினாள். பிப்ரவரியில் அம்மாவை அடக்கம் செய்ததிலிருந்து இதைக் கேட்க வேண்டும் என்று நாக்கு நுனியில் வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது கேட்டுவிட்டாள்.

“மாரிஸு, இந்த வருஷம் முதல் கோப்பையை வில்ஃபுக்குக் குடு.”

முதல் கோப்பை என்பது ஃபர்னிஸ் வீட்டுப் பெருமை. ஆசீர்வாதம் முடிந்ததும் ஃபர்னிஸ் வீட்டு மூத்த ஆண், வீட்டுக்கு வீடு குழாய் வந்ததிலிருந்து பூட்டியே கிடக்கிற கிணற்றைத் திறந்து, வெள்ளிக் கோப்பையில் முதல் தண்ணீரை மொண்டு, அந்த வருஷம் கௌரவிக்கப்பட வேண்டிய ஒருவருக்குத் தன் கையாலேயே கொடுப்பான். இரண்டாவது கோப்பை பலகை செய்த கைக்கு. முப்பது வருஷமாகக் கெசையா அந்த இரண்டாவது கோப்பையை வாங்கி, சிரித்த முகத்தோடு நகர்ந்துபோய், செடி மூட்டில் கொட்டிவிடுவது வழக்கம்.

“எந்த வில்ஃபு?” என்றான் மாரிஸ்.

“என் தம்பி.”

இதழ் கிள்ளிக்கொண்டிருந்த டார்கஸின் கை நின்றது.

“உங்களுக்கு ஏது தம்பி?”

“இருந்தான். நாலு வயசுல செத்துட்டான். நீ இப்ப கொண்டாடப் போறியே, அதே கோடையில. குழி மேட்டுல ஜெபக்கூடத்து மதிலோரமா இருக்கு. கோப்பையைக் கொண்டுபோய் அந்த மண்ணுல ஊத்து. ஒரு ஃபர்னிஸ் கையால ஊத்தணும். அவ்வளவுதான் நான் கேக்கறது.”

“செத்துப்போன குழந்தைக்குத் தண்ணியா?” பெரில் முகத்தைச் சுளித்தாள். “ஐயோ, கேக்கவே ஒரு மாதிரி இருக்கே, கண்ணு.”

“ஏன் ஃபர்னிஸ் கையால?” மாரிஸின் குரலில் ஜாக்கிரதை ஏறியது.

“உன் தாத்தா குடுக்கல. அதனால.”

தொட்டிக்குள் மிதித்துக்கொண்டிருந்த கால்களெல்லாம் நின்றன. மாரிஸ் ஒரு சிரிப்புச் சிரித்தான். வியாபாரத்தில் ஆட்டுக்குக் குறைந்த விலை சொல்பவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

“இங்க பாருங்க கெஸ்ஸி. அம்மா போன துக்கம், புரியுது. அதுக்காக அந்தக் காலத்துல யாரோ எதையோ சொன்னதையெல்லாம் தூக்கிட்டு வராதீங்க. இது திருவிழா. எழவு வீடு இல்ல. மாகாண கவுன்சில் தலைவி அம்மாவுக்குத்தான் முதல் கோப்பைன்னு கடிதாசி போட்டு, அவங்களும் வரேன்னுட்டாங்க. அப்பிடி ஏதாவது நடந்திருந்தா உங்க அம்மா வாயத் தொறந்து ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பாங்கல்ல?”

“சொல்லல” என்றாள் கெசையா. “குடிக்கவும் இல்ல.”

குடிக்கவில்லைதான். வீட்டுக்கு வீடு குழாய் வருகிற வரைக்கும் அவள் அம்மா லேயா பண்டிங் அந்தக் கிணற்றில் வாளியை இறக்கவே இல்லை. கூரையிலிருந்து வடிகிற மழைத்தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து, துணியில் வடிகட்டி, காய்ச்சிக் குடித்தாள். மழை இல்லாத நாளில் பக்கத்து ஊர் வரைக்கும் நடந்தாள். அதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. ஒருத்தர்கூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

நடந்தது இதுதான். கெசையாவின் அப்பா கல்குவாரியில் செத்தபிறகு, லேயா டவுன் காய்ச்சல் ஆஸ்பத்திரியின் படுக்கை விரிப்புகளை வாங்கிவந்து வெளுத்துப் பிழைத்தாள். வறட்சி வந்தது. கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. காய்ச்சல் துணியைத் தொடுகிற கை கிணற்றுக் கயிற்றைத் தொடக்கூடாது என்று ஜோப் ஃபர்னிஸ் கிணற்று மூடிக்குச் சங்கிலி போட்டுப் பூட்டினான். காலையும் மாலையும் அவனே திறப்பான், அவனே இறைப்பான். பதிமூன்று வீட்டு வாளி நிறையும். பதினாலாவது வீட்டு வாளி வரும்போது மூடி விழும். துணிக்கு வேண்டாம், குடிக்க மட்டுமாவது கொடுங்கள் என்று லேயா கெஞ்சினாள். குட்டையில் கிடக்கிறதே, அதைக் குடி என்றான் அந்தத் தங்கமான மனுஷன்.

குட்டைத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். லேயா காய்ச்சித்தான் கொடுத்தாள். ஆனால் நாலு வயசுப் பிள்ளைக்கு வெயிலில் நாக்கு வறண்டால் காய்ச்சுகிற வரைக்கும் காத்திருக்கத் தெரியுமா? வில்ஃப் குட்டையிலேயே குப்புறப் படுத்துக் குடித்துவிட்டான். அன்றைக்குப் பிடித்த வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. அந்த வீட்டில் அடித்த நாற்றம் இன்னும் கெசையாவின் மூக்கில் இருக்கிறது. பிள்ளை கண்ணெல்லாம் குழிக்குள் போய், தோலைக் கிள்ளினால் கிள்ளினபடியே நின்றது. “கிணத்துத் தண்ணி, ஒரு வாய்” என்றான். “குட்டை வேணாம்க்கா. நாத்தம்.”

எட்டு வயது கெசையா தகரக் கோப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். கிணற்றடியில் வரிசை. ஜோப் ஃபர்னிஸ் இறைத்து ஊற்றிக்கொண்டிருந்தான். “தம்பி ஒரு வாய் கேக்கறான்” என்று அவள் கோப்பையை நீட்டினாள். அவன் அவளைப் பார்த்தான், கோப்பையைப் பார்த்தான், மூடியைத் தள்ளிச் சங்கிலியை இழுத்துப் பூட்டினான். வரிசையில் நின்ற பெண்களின் வாளிகளெல்லாம் தளும்பிக்கொண்டிருந்தன. ஒருத்திகூடக் குனிந்து ஒரு வாய் ஊற்றவில்லை. புதுமணப்பெண்ணாக அந்த வீட்டுக்கு வந்திருந்த டார்கஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வில்ஃபின் அடக்கம் முடிந்த மறுநாள் பூட்டைக் காணோம். யார் கழற்றினார்கள், ஏன் கழற்றினார்கள் என்று பேச்சே இல்லை. அடுத்த ஜூனில் பலகைகளில் பூ மலர்ந்தது. இவர்கள் மத்தியில்தான் நாம் பிழைக்கணும், நான் இருக்கிற வரைக்கும் வாயைத் திறக்காதே என்று லேயா மகளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அந்தச் சத்தியத்தின் கெடு பிப்ரவரியோடு முடிந்துபோனது.

கெசையா களிமண் ஒட்டிய காலைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தாள். “சரி மாரிஸு. உன் தாத்தா பலகையை நான் என் கொட்டகைல வெச்சுத் தனியா பண்ணிக்கறேன். இங்க வெளிச்சம் போதல.”

“அதான் பார்த்தேன்!” மாரிஸுக்கு வாயெல்லாம் பல். “நீங்க பெரிய மனசுக்காரங்க கெஸ்ஸி. சரித்திரம்னா நல்லதைத்தான் எடுத்து வைக்கணும்.”

அந்தப் பல்லைப் பார்க்கச் சகிக்காமல் அவள் வெளியே வந்தாள்.

கொட்டகையில் அவள் பூமாலை கட்டவில்லை, கண்ணி வைத்தாள். முதலில் உப்புப் போட்ட மண்ணைக் கனமாக அப்பினாள். அதில் வதங்காத, உதிராத சரக்குகளாகப் பார்த்துப் பதித்தாள். ஆல்டர் மரத்தின் கருங்காய்கள், மரப்பட்டை, காய்ந்த விதைகள். எல்லாவற்றையும் கட்டைவிரலால் அழுத்தி ஆழமாக ஏற்றினாள். ஒரு படம் முடிந்தது. அதன்மேல் பன்றிக்கொழுப்பை வழித்துத் தடவினாள். கை முழுக்கப் பிசுக்கு, மூக்கு முழுக்கக் கொழுப்பு வாடை. தூ! கொழுப்பின்மேல் உப்பில்லாத மண்ணை அப்பம்போல மெல்லிசாகப் பூசினாள். அந்த மண்ணில்தான் ஜோப் ஃபர்னிஸைச் செய்தாள்.

நன்றாகவே செய்தாள். கன்னத்துக்கு ரோஜா, தாடிக்கு வெள்ளை ஹைட்ரேஞ்சியா, கையில் வாளி, சுற்றிலும் கோப்பை ஏந்திய ஜனங்கள். கேட்ட கனிவைவிட இரண்டு மடங்கு கனிவு. ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றிச் செய்தாள். இதழ்களைக் கீழிருந்து மேலாகப் பதிப்பதுதான் முறை. மேல் இதழ் கீழ் இதழின்மேல் படிந்து, கூரை ஓடு மாதிரி மழையை வழித்துவிடும். கிரிம்லோவில் கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். கெசையா மேலிருந்து கீழாகப் பதித்தாள். ஒவ்வொரு இதழும் மழையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ளும்படி.

கிரிம்லோவின் திருநாளில் மழை வராத வருஷத்தை யாரும் கண்டதில்லை.

சனிக்கிழமை வந்தது. பலகையின் ஈரச்சாக்கை விலக்கியதும் “ஆஹா!” என்று கூட்டம் மூச்சு விட்டது. மாரிஸ் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டு தாத்தாவின் கீழே நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டான். பேண்டு வாத்தியக்காரர்கள் கன்னத்தை உப்பினார்கள். பெரிலின் கொட்டகையில் வெள்ளரி சாண்ட்விச் பறந்தது. வெல்லப்பாகு ஒழுகிய கையோடு குழந்தைகள் கிணற்று மேடையைத் தடவின. மாகாண கவுன்சில் தலைவி, நீலத் தொப்பி வைத்த உயரமான அம்மாள், எல்லாவற்றுக்கும் “எவ்வளவு அழகு, எவ்வளவு அழகு” என்றாள். கெசையா ஹைட்ரேஞ்சியாச் செடியோரம், தான் வழக்கமாகக் கோப்பையைக் கொட்டுகிற இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பாதிரியார் ஜெபத்தை ஆரம்பித்தபோது முதல் துளி விழுந்தது. யாரும் அசையவில்லை. குடைகள் விரிந்தன, அவ்வளவுதான். மாரிஸ் பூட்டைத் திறந்து, மூடியைத் தள்ளி, வெள்ளிக் கோப்பையில் மொண்டான். “எவருக்கும் மறுக்கப்படாத இந்த நீரை...” என்று அவன் ஆரம்பிக்க, மழை பிடித்துக்கொண்டது.

ஜோப் ஃபர்னிஸின் தாடி முதலில் தொங்கியது. கன்னம் உப்பியது. இதழ்களின் மடியெல்லாம் தண்ணீர் நிறைந்து கனத்து, கண் ஒன்று வழிந்து மூக்கருகே வந்து நின்றது. ஒரு குழந்தை கெக்கெக்கென்று சிரித்தது. பிறகு, கொதித்த பாலின் ஏடு ஒதுங்குவதுபோல, கனிவான முகமும் வாளியும் ஜனங்களும் மொத்தமாகப் பெயர்ந்து சொத்தென்று கிணற்று மேடையில் விழுந்தன. சேறும் கொழுப்பும் நசுங்கிய பூவும் மாரிஸின் பளபளத்த ஷூவில் தெறித்தன.

பின்னால் இருந்த படம் கறுப்பாக நின்றது. மூடிய கிணறு. மூடியின்மேல் சங்கிலி, பூட்டு. பூட்டின்மேல் ஒரு பெரிய கை. நிறைந்த வாளிகளோடு முதுகைக் காட்டி நிற்கிற பெண்கள். கீழே ஓரத்தில், குட்டையின் கரையில், குப்புறப் படுத்துக் குடிக்கிற ஒரு சின்னப் பையன். மழை அவன்மேல் வழிந்து ஓடியது. ஒரு விதைகூட உதிரவில்லை.

மெதுவாக வாசித்துக்கொண்டிருந்த பேண்டு சட்டென்று நின்றது, ஒருவன் மட்டும் இரண்டு சுரம் தாண்டி நிறுத்தினான்.

“தார்ப்பாய்!” என்று மாரிஸ் கத்தினான். “எவனாவது தார்ப்பாய் கொண்டு வாங்கடா!”

அதற்குள் வெளியூர்க் கூட்டத்திலிருந்து கைதட்டல் கிளம்பியது. ஆமாம், கைதட்டல்! ஏதோ வித்தை காட்டிவிட்டதாக நினைத்து, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்கள். கேமராக்கள் மின்னின. பெரில் சேற்றைத் தாண்டிக் கெசையாவிடம் ஓடிவந்து காதில் கிசுகிசுத்தாள். “ஏன் கண்ணு, இப்பிடி ஒண்ணு பண்ணப்போறேன்னு முன்னாடியே சொல்லப்படாதா? ஜனம் கொட்டகைப் பக்கம் அள்ளுது. அடுத்த வருஷமும் இதே மாதிரி சோகமா ஒண்ணு பண்ணு.”

கெசையா காதைத் துடைத்துக்கொண்டாள். குட்டைத் தண்ணீர்கூட இவ்வளவு நாறவில்லை. பிள்ளை செத்தாலும் இவர்களுக்கு டீ விற்க வேண்டும்.

நீலத் தொப்பி அம்மாள்தான் கைதட்டவில்லை. “மிஸ்டர் ஃபர்னிஸ், அந்தப் பையன் யாரு?” என்றாள்.

“அது... சும்மா... அந்தக் காலத்துக் கட்டுக்கதைங்க. நீங்க கோப்பையை வாங்கிக்குங்க.”

“என் தம்பி” என்றாள் கெசையா. கத்தவில்லை. ஆனால் கிணற்றடி முழுக்கக் கேட்டது. “வில்ஃப் பண்டிங். சாகறப்ப இந்தக் கிணத்துலேர்ந்து ஒரு வாய் தண்ணி கேட்டான். கோப்பையோட நான் வந்து நின்னேன். இவங்க தாத்தா பூட்டைப் போட்டாரு. அந்தக் கோப்பை அவனோடது அம்மா. உங்களோடது இல்ல.”

“பொய்!” மாரிஸின் கழுத்து நரம்பு புடைத்தது. “எங்க வம்சத்தையே அசிங்கப்படுத்தறா! யாராவது பார்த்தாங்களா? ஒருத்தர், ஒரே ஒருத்தர் சொல்லட்டும்!”

ஊர் குடைக்குள் தலையை இழுத்துக்கொண்டது. பதிமூன்று வீட்டிலும் அன்றைக்கு வாளி நிறைந்தது. பதிமூன்று வீட்டு வாயும் இன்றைக்கு அடைத்துப்போனது. கெசையா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருத்தன் காலணியைப் பார்த்தான், ஒருத்தி வானத்தைப் பார்த்தாள். சாண்ட்விச்சை வாயில் வைத்துக்கொண்டு மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் ஒருத்தி நின்றாள்.

“நான் பார்த்தேன்.”

சக்கர நாற்காலியில், பிளாஸ்டிக் போர்வைக்குள்ளிருந்து டார்கஸின் குரல் வந்தது.

“அம்மா, நீ சும்மா இரு” என்றான் மாரிஸ்.

“சும்மாதாண்டா இருந்தேன், இத்தன வருஷமா. என் வாளி ரொம்பி வழிஞ்சுது. காலெல்லாம் ஈரம். அந்தப் பொண்ணு கோப்பையை நீட்டிக்கிட்டு நிக்குது. மாமனாரு பார்ப்பாரேன்னு நான் திரும்பிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து அந்தத் தண்ணியிலதான் தரையக் கழுவினேன்.” கிழவி மூச்சு வாங்கினாள். “கொண்டுபோய் ஊத்துடா.”

நீலத் தொப்பி அம்மாள் நீட்டியிருந்த கையைப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

மாரிஸ் கோப்பையோடு நின்றான். குடிக்கவும் முடியாது, கொட்டவும் முடியாது, யாரும் வாங்கவும் மாட்டார்கள். கடைசியில், யாரோ பிடரியைப் பிடித்துத் தள்ளியதுபோல, மேட்டை நோக்கி நடந்தான். கெசையா அவன் பின்னால் நடந்தாள். அவள் பின்னால் கூட்டமும் வந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார்கள். கையில் டீக் கோப்பையோடு, வாயில் கேக்கோடு, என்னமோ அடுத்த காட்சிக்கு இடம் பிடிக்கப் போகிறவர்களைப்போல. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜெபக்கூடத்து மேடு நல்ல நாளிலேயே வழுக்கும். மாரிஸ் இரண்டு இடத்தில் சறுக்கினான். கோப்பை சாய்ந்து தண்ணீர் அவன் சட்டைக் கையில் ஓடியது. உள்ளங்கையால் பொத்திக்கொண்டான். மூச்சு இரைத்தது. மதிலோரம் லேயாவின் புது மண் இன்னும் அமுங்காமல் இருந்தது. அதன் பக்கத்தில், கல் நட வக்கில்லாமல் ஐம்பது வருஷத்துக்கு முன் சாத்தி வைத்த, கூரைக்குப் போடுகிற ஒரு பலகைக்கல். அதில் வில்ஃப் பண்டிங் என்பதற்கு ஆணியால் கீறிய இரண்டு எழுத்து. அவ்வளவு சின்னக் குழியை மாரிஸ் எதிர்பார்க்கவில்லைபோல. அங்கேயே நின்றுவிட்டான்.

கையை எடுத்துக் கோப்பைக்குள் பார்த்தான். முகம் விழுந்துபோயிற்று.

“எல்லாம் சிந்திருச்சு கெஸ்ஸி” என்றான். குரல் சின்னப் பிள்ளையின் குரலாகியிருந்தது. “அடியில கொஞ்சூண்டுதான் கிடக்கு. திரும்பப் போயி ரொப்பிக்கிட்டு வரட்டுமா?”

கெசையா எட்டிப் பார்த்தாள். வெள்ளியின் அடியில், சேற்று விரல் படாமல், கொஞ்சம் தண்ணீர் தெளிவாக நின்றது.

“வேணாம்” என்றாள். “அவன் ஒரு வாய்தான் கேட்டான். ஊத்து.”